வழியில் கேட்ட கேள்விகள்

ராமேஸ்வரத்திலிருந்து திருச்செந்தூர் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் இன்றைக்கு ஒருவரிடமும் வாய் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிடலாம். வழியைக் கைபேசி சொல்லிவிடுகிறது. தங்கும் அறையை வீட்டிலிருந்தே பதிவு செய்துவிடுகிறோம். டீக்கடையில்கூடச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை நோக்கிக் கைபேசியை நீட்டிவிட்டுக் கிளம்பலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து, நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் சில்லறைக்காகக் கண்ணாடியை இறக்குவதும் நின்றுபோனது. இந்த வசதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பெண்கள் மட்டும் காரில் போகும்போது இவை எவ்வளவு தைரியம் தருகின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் வழி கேட்க நிறுத்தினோம், பேச்சு தானாக வந்தது. இப்போது பேச வேண்டுமென்றால், பேசுவோம் என்று நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த முடிவை எடுக்க மனிதர்கள் தயங்குகிறார்கள். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் சிகாகோவின் ரயில், பேருந்துப் பயணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரோடு பேசிக்கொண்டு போங்கள் என்று சிலரிடம் சொன்னார்கள். பேசாமல் தனியாக இருங்கள் என்று வேறு சிலரிடம் சொன்னார்கள். தனியாகப் போவதுதான் இனிமையாக இருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. உண்மையில் பேசிக்கொண்டு போனவர்களே பயணம் நன்றாக இருந்ததென்று சொன்னார்கள். எதிரே இருப்பவருக்கு நம்மோடு பேச விருப்பமிருக்காது என்ற நினைப்பே பலரையும் தடுத்தது. இரண்டு பேரும் அப்படியே நினைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து இருக்கையில் மௌனமாகப் போய் இறங்குகிறார்கள்.

என் அக்காவுக்கு இந்தத் தயக்கம் கிடையாது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போனபிறகு, கோடை விடுமுறையில் நான் கார் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவது எங்கள் வழக்கமாகியிருக்கிறது. அவள் யாரோடும் பேசுவாள். அவள் பேசுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டது. முதல் கேள்வி சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானே வரும். முதல் கேள்வி கோணினால் எதிரே இருப்பவர் பெயரைச் சொல்வார், ஊரைச் சொல்வார், அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

நம் ஊரில் முதல் கேள்வி எது என்று எல்லோருக்கும் தெரியும். 'எந்த ஊரு?' இதைவிட இதமான கேள்வி உண்டா என்றுகூடத் தோன்றும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, 'என் மச்சினன் அங்கதான் வேலை பாத்தான்' என்று தொடங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே கேள்விக்குப் பின்னால் இன்னொரு வரிசையும் காத்திருக்கிறது. அங்கே எந்தப் பக்கம்? எந்தத் தெரு? குலதெய்வம் எது? அப்பா பெயர் என்ன? இந்த வரிசையில் மூன்றாவது கேள்விக்கு வரும்போதே கேட்பவர் எதைத் தேடுகிறார் என்று தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் புரிந்துவிடும். பதில் கிடைத்ததும் குரல் மாறும். சிலருக்கு நாற்காலி வரும், சிலருக்கு வராது. சாதியை நேராகக் கேட்பது நாகரிகமில்லை என்று அறிந்தவர்கள்தான் இப்படிச் சுற்றி வந்து கேட்கிறார்கள். இதை வெறும் ஊர்ப்பேச்சு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கேட்பவருக்குப் பொழுதுபோக்கு. பதில் சொல்பவருக்கோ, ஒவ்வொரு பயணத்திலும் மறுபடி எழுத வேண்டிய பரீட்சை.

இந்தச் சாலைக்கு அந்த வரலாறும் உண்டு. ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை இன்றும் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரம் நினைவூட்டுகிறது. முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்குச் சோறு போடுவதைக் கடமையாக நினைத்த சமூகம் இது. அதே சமூகத்தில், பல சத்திரங்களில் யார் எந்தப் பந்தியில் உட்காரலாம், யார் உள்ளேயே வரக்கூடாது என்ற கணக்கும் இருந்தது. பசியாற்றும் முன்பே யாரென்று விசாரிக்கும் பழக்கத்தையும் நாம் சோற்றோடு சேர்த்தே பெற்றிருக்கிறோம்.

அக்கா 'எந்த ஊரு' என்று தொடங்கமாட்டாள். கண்ணெதிரே நடக்கும் வேலையைக் கேட்பாள். பாம்பன் பக்கம் கடற்கரையில் பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஒரு பெண்ணின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. "இவ்வளவு சுத்தியும் கை கிழியுமா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பதில் வந்தது. பாறை அறுக்காமலிருக்கத் துணி, நீந்த வசதியாகக் காலில் கட்டும் தகடு, அலை அதிகமான நாளில் போகமுடியாதது, பிறகு தீவுகள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றின் கரையில் தலைமுறைகளாகப் பாசி எடுத்தவர்கள் இப்போது அங்கே கால் வைத்தால் குற்றவாளிகள். நான் இதையெல்லாம் செய்தியாகப் படித்தவள்தான். விரலில் சுற்றிய ஈரத்துணியை அவிழ்த்துக்கொண்டே ஒருவர் சொல்லும்போது அது வேறு விஷயமாக இருந்தது.

பெண்களாகிய எங்களிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி வேறு. "ஆம்பளை யாரும் வரலையா?" ஏர்வாடிக்கு முன்னால் ஒரு டீக்கடைக்காரர் இதைக் கேட்டார். இல்லை என்றதும் பின்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, கழிப்பறை போக வேண்டுமானால் வீட்டுக்குள் கூட்டிப் போகச் சொன்னார். அன்றைக்கே இன்னோரிடத்தில், பைக்கில் வந்து கார் பக்கத்தில் நிறுத்திய ஒருவன் கேட்டதும் அதே வார்த்தைகள்தான். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். முன்பின் தெரியாதவர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த அறிவுரையை நான் அப்படியே என் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லமாட்டேன். ஒருவரின் பிறப்பை எடைபோடுவது வேறு, அவர் நிற்கும் விதத்தையும் பார்க்கும் பார்வையையும் எடைபோடுவது வேறு. முன்னது அவமதிப்பு. பின்னது ஒரு பெண் உயிரோடு வீடு திரும்பத் தேவையான அறிவு.

சாயல்குடி தாண்டியதும் சாலையின் இருபுறமும் பனைதான். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான ஒரு விடிலிக்கு முன்னால் பதநீர் விற்றார்கள். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்த பெண்ணுக்கு என் வயதிருக்கும். அக்கா பட்டையைக் கையில் ஏந்தியபடி, இது அலகுப் பனையா, பருவப் பனையா என்று கேட்டாள். ஆண்மரம் அலகு, பெண்மரம் பருவம். அது தெரிந்தவள் என்றதும் அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. அடுப்படிக்கே கூட்டிப் போனார். பதநீர் மணிக்கணக்கில் கொதித்துப் பாகாகி, சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. அதுவரை அடுப்பை விட்டு நகர முடியாது. கணவர் விடிவதற்கு முன்னும் சாயங்காலமும் மரமேறுகிறார். பாளையை நாள் தவறாமல் சீவ வேண்டும், விட்டால் சுரப்பு நின்றுபோகும். அதனால் பங்குனி தொடங்கி ஆடி வரை ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போய் இரவு தங்க முடியாது என்றார். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் கள்ளாகிவிடும், கூடினால் கருப்பட்டி கெட்டுவிடும். அந்த அளவைக் கையிலேயே வைத்திருந்தார்.

அதன்பிறகு அவர் தன் வீட்டு விஷயம் ஒன்றைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்களிடம் அவர் சொன்னதற்குக் காரணமே நாங்கள் அரை மணியில் போய்விடுவோம் என்பதுதான். ஜார்ஜ் சிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1908இல் அந்நியனைப் பற்றி எழுதியபோது இதை ஒத்த ஒன்றைக் கவனித்திருக்கிறார். நெருங்கியவர்களிடம் மறைப்பதை மனிதர்கள் அந்நியன் ஒருவனிடம் சொல்லிவிடுகிறார்கள். அந்த வீட்டின் சண்டையில் அவனுக்குப் பங்கில்லை. எங்களைப் போன்ற வழிப்போக்கர்கள் என்றால், சாட்சி சொல்ல நாளைக்கு வரப்போவதுமில்லை. இப்படிச் சொல்லப்பட்டதைப் படத்தோடு இணையத்தில் போட்டு, 'இன்று ஒரு எளிய மனுஷியைச் சந்தித்தேன்' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நம்பிக் கொடுத்ததை ஊரறியக் கடைவிரிக்கிறார்கள். அதனால்தான் வழியில் சந்தித்தவர்களின் படத்தையோ எண்ணையோ நான் கேட்பதில்லை.

அந்த அம்மாள் சொல்லி முடித்தபின் கொஞ்ச நேரம் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். பிறகு அக்கா பேசினாள். பெங்களூரில் இருக்கும் மகன், திருச்சி வீட்டை விற்றுவிட்டு வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறான், தனக்கு மனசில்லை, அவனிடம் அதைச் சொல்ல வாயும் வரவில்லை என்றாள். எனக்கு அது புதுச் செய்தி. வாரத்துக்கு நாலு தடவை பேசிக்கொள்ளும் தங்கை நான். எனக்குத் தெரிந்தால் மகனிடம் பேசுவேன், பக்கம் சேர்வேன், அது குடும்பத்தில் ஒரு வழக்காகிவிடும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

அந்த அம்மாள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வீடு யார் பேர்லக்கா இருக்கு?" என்று கேட்டார்.

"என் பேர்லதான்."

"அப்ப மேல்மாடியை வாடகைக்கு விட்டுட்டு நீங்க கீழ இருக்கலாம்ல?"

ஒரு கிலோ கருப்பட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். வேம்பார் வரைக்கும் நான் பொறுத்திருந்தேன், பிறகு மகன் என்னதான் சொல்கிறான் என்று கேட்டேன். அக்கா முழுதாகச் சொன்னாள். தூத்துக்குடி உப்பளங்கள் வந்தபோது, மாடிக்குத் தனிப் படிக்கட்டு வைக்க எவ்வளவு ஆகும், மின்சார மீட்டரைப் பிரிக்க யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும், மகனிடம் முதலில் எதைச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம்.