பரிசும் உவகையும்

பரிசளிப்பது அறமா? ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்தும் எனக்கு இவ்வினா காலந்தாழ்ந்தே எழுந்தது.

சிம்பாங் அம்பாட்டில் எங்கள் பள்ளி நூலகத்திற்கு நாள்தோறும் விரும்பி வந்தாள் ஒரு சிறுமி. மிகுதியான நூல்களைப் படிப்போர்க்குப் பரிசு உண்டென ஓராண்டு அறிவித்தேன். முதற்பரிசு அவளுக்கே கிடைத்தது. மறு ஆண்டு போட்டி நடைபெறவில்லை, அவளும் வரவில்லை. காரணம் வினவினேன். "இந்த வருசம் பரிசு இல்லையே, ஐயா" என்றாள். அச்சொல் என்னைச் சுட்டது.

1954ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்சும் மில்னரும் எலியின் மூளையில் மின்முனை பொருத்தினர். மின்தூண்டலை நாடி எலிகள் நெம்புகோலை ஓயாது அழுத்தின. அவ்விடத்தை இன்பத்தின் இருப்பிடம் என்றே பலரும் கருதினர். பின்வந்த கெண்ட் பெரிட்ஜ் முதலியோரோ, வேட்கை வேறு, துய்க்கும் இன்பம் வேறு எனக் காட்டினர். டோபமின் என்னும் வேதிப்பொருள் முதன்மையாக வேட்கையையே வளர்க்கிறது என்பது அவர்தம் கருத்து. உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை ஆராய்ந்தார். எதிர்பாராது கிடைத்த பழச்சாற்றுக்கு டோபமின் நரம்பணுக்கள் கிளர்ந்தெழுந்தன. சாற்றை முன்னறிவிக்கும் குறிப்பு பழகியபின் அக்குறிப்புக்கே கிளர்ந்தன. எதிர்பார்த்த சாறு வாராதபோதோ வழக்கத்தினும் அடங்கின. ஏமாற்றத்திற்கும் மூளையில் ஒரு கணக்கு உண்டு போலும்!

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா? 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓவியம் தீட்டுவதில் ஆர்வமுள்ள குழந்தைகளுள் சிலருக்கு முன்கூட்டியே சான்றிதழ் வாக்களிக்கப்பட்டது. ஓரிரு வாரங்களுக்குப் பின் அவர்களே ஓவியத்தில் குறைந்த நேரம் செலவிட்டனர். எதிர்பாராது சான்றிதழ் பெற்றோரின் ஆர்வமோ குன்றவில்லை. ஆகவே, கேடு பரிசில் இல்லை, பேரத்தில் இருக்கிறது.

1988 முதல் 2021 வரை நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. அக்காலத்தில் 'ஏ'க்களை எண்ணியே பிள்ளைகளைப் பாராட்டினோம். தேர்வு போயிற்று, நம் எண்ணும் பழக்கம் போயிற்றா?

அதற்காகப் பரிசே வேண்டா என்பேனல்லேன். வறிய இல்லத்துப் பிள்ளைக்கு மேடையில் கிடைக்கும் கைதட்டல் வாழ்நாள் செல்வமன்றோ! உழைப்பு முடிந்தபின் மனமுவந்து பாராட்டுவோம். உழைக்குமுன் விலை பேசாதிருப்போம்.

அச்சிறுமியை மீண்டும் அழைத்தேன். பரிசைப் பற்றிப் பேசவில்லை. படித்த கதையில் அடுத்து என்ன நடந்தது என்று மட்டும் கேட்கிறேன். சில நாள் விரிவாகச் சொல்கிறாள். சில நாள் தலையை மட்டும் அசைக்கிறாள். நான் கெடுத்ததை நானே பொறுமையுடன் திருத்த வேண்டும்.