விராலிமலைக்கு வழி காட்டியவன்



உங்கள்ல கவிதை எழுதுற பிள்ளைகள் நிறைய பேர் இருக்கீங்க. "ராத்திரி முழுக்க முழிச்சு எழுதினேன், நாலு பேர்கூட லைக் போடல. இனி எதுக்கு எழுதணும்?" இந்தக் கேள்வி மனசுல வந்தா, நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

15-ஆம் நூற்றாண்டு. இளமையைத் தொலைச்சு, உயிரே வேண்டாம்னு திருவண்ணாமலைக் கோபுரத்துல ஏறிக் குதிச்சவர் அருணகிரிநாதர். தாங்கிப் பிடிச்ச கந்தன் பொன்னும் பொருளும் கொடுக்கல. பாட்டுக்கு முதல் அடி எடுத்துக் கொடுத்தான். அந்த ஊற்று அவர் ஆயுசு முழுக்க வற்றவே இல்லை.

வயலூர்ல பாடிக்கிட்டு இருந்தவரை "விராலிமலைக்கு வா"ன்னு கூப்பிட்டதும் முருகன்தான். வழி தெரியாம தவிச்சப்போ வேடனா வந்து கூட்டிட்டுப் போனான்னு தல வரலாறு சொல்லுது. சொல்லைக் கொடுத்தவன் வழியையும் காட்டாம விடுவானா?

இன்னொண்ணும் கேளுங்க. வாதத்துல தோத்த புலவர்களோட காதை அறுக்கிறது வில்லிபுத்தூரார் வழக்கமாம். 'த' வரிசை எழுத்தை மட்டும் வெச்சு அருணகிரியார் ஒரு பாட்டுப் பாட, பொருள் தெரியாம வில்லியார் தோத்துட்டார். ஜெயிச்சவர் காதை அறுத்தாரா? மன்னிச்சு, அந்தக் கொடுமையையே நிறுத்த வெச்சார். கமெண்ட்ல ஒருத்தர் மனசைக் குத்தப் போறதுக்கு முன்னாடி இதை நினைங்க. முருகன் தந்த தமிழ் காதுக்கு இனிக்கணும், காதை அறுக்கக் கூடாது.

அவர் பாடினது 16,000 பாட்டுன்னு சொல்வாங்க. இன்னைக்குக் கிடைச்சிருக்கிறது சுமார் 1,300தான். வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா அலைஞ்சு ஏடு தேடி, 1894-ல முதல் பாகத்தை அச்சில் ஏத்தினார். பாடி நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு! அப்போ கிடைக்காம போன பாட்டெல்லாம் வீணா? இல்லவே இல்ல. கேட்க வேண்டியவன் அன்னைக்கே மயில் மேல உட்கார்ந்து கேட்டுட்டான்.

அதனால பேனாவைக் கீழே வெச்சிடாதீங்க. இன்னைக்கு நாலு வரி எழுதுங்க. முதல்ல பூஜை அறையில அவன் முன்னாடி வாய்விட்டுப் படிங்க. அப்புறம் போஸ்ட் பண்ணுங்க. எண்ணிக்கையை அவன் பார்த்துக்குவான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!