பிள்ளையாருக்கு இருபத்தொரு இலை

(வருடாந்த உற்சவ காலத்தில் ஆலய முன்றலில் நிகழ்த்திய சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விக்கினங்களைத் தீர்த்தருளும் விநாயகப் பெருமானின் திருவடிகளைச் சிந்தித்துத் தொடங்குகிறேன். 

ஆவணிச் சதுர்த்திக்கு முதல்நாள் மாலையில் நமது ஆலயத்தில் நடக்கும் ஓட்டத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மறுநாள் பத்திர பூசை. இருபத்தொரு வகை இலை வேண்டும். ஐயா பட்டியலைச் சொல்லுவார், பொடியன்மார் சைக்கிளில் புறப்படுவார்கள். அறுகு கிடைத்துவிடும். எருக்கிலை றோட்டோரத்தில் நிற்கும். வில்வம் கோயிலிலேயே உண்டு. மாதுளை யாராவது ஓர் அம்மாவின் கிணற்றடியில் இருக்கும். அதற்குப் பிறகுதான் தேடல். வன்னி எங்கே? மருது எங்கே? விஷ்ணுகிராந்தி என்றால் என்னவென்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. அதன் சின்ன நீலப்பூவை மிதித்துக்கொண்டே அதைத் தேடுவார்கள். தேவதாருவை விடுங்கள், அது இமயமலை மரம், நமது மணலில் வளராது. கிடைக்காத இலைக்கு அட்சதை இட்டுப் பூசையை நிறைவேற்றுகிறோம். அதற்கு இடமுண்டு, குற்றமில்லை. ஆனால் வருடத்துக்கு வருடம் அட்சதை கூடிக்கொண்டும் இலை குறைந்துகொண்டும் போவதை அடியேன் கண்ணால் கண்டு வருகிறேன். அந்தக் கவலைதான் இன்றைய பேச்சு.

அந்த இலைகளைத் தாம்பாளத்தில் பார்க்காமல் அவை நிற்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். நூலுக்கு நூல் பட்டியலில் சிறு வேறுபாடு உண்டு, அது கிடக்கட்டும். அரசும் மருதும் பெருமரங்கள். மருது ஆற்றங்கரையை விரும்பி நிற்பது. அவற்றுக்குக் கீழே வில்வம், வன்னி, இலந்தை. அதற்கும் கீழே மாதுளை, அகத்தி, அலரி. பிறகு எருக்கு, ஊமத்தை, கண்டங்கத்திரி. நாயுருவியும் கரிசலாங்கண்ணியும் முழங்கால் அளவு. தாழை ஈரக் கரையில். முல்லை கொடியாய் ஏறும். அறுகும் விஷ்ணுகிராந்தியும் நிலத்தோடு நிலமாய்க் கிடக்கும். உச்சியிலிருந்து மண்வரைக்கும் ஒரு காட்டை வகைக்கு ஒன்றாய்க் கிள்ளிப் பெருமானின் பாதத்தில் வைக்கிறோம். அவருக்கு உகந்த பழங்கள் என்று சொல்லும் விளாம்பழமும் நாவற்பழமும்கூடக் காட்டுப் பழங்கள்தான். யானைமுகனுக்கு வேறு எதைப் படைப்பது!

நாயன்மார் அறுபத்துமூவரில் திருப்புகலூர் முருக நாயனாரை எண்ணிப் பாருங்கள். அவர் செய்த தொண்டு பூத்தொண்டு. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரும் கொய்து மாலை தொடுத்தார் என்று சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். நால்வகைப் பூவும் வேண்டுமானால் மரமும் கொடியும் குளமும் செடிநிலமும் ஒன்றையொன்று சார்ந்து இருக்கவேண்டும். சைவம் சொல்லும் நான்கு நெறிகளில் முதலாவதான சரியையில் நந்தவனம் வைப்பதும் அடங்கும். நாமோ நாலு செவ்வரத்தையை வரிசையில் நட்டு, அதற்கு நந்தவனம் என்று பலகையும் போட்டுவிடுகிறோம்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் எது தெரியுமா? களப்போரத்தில் நிற்கும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே கேடு. சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்திலும் நிற்கிறது, நமது கிழக்குக் களப்புக் கரைகளிலும் நிற்கிறது. நடராசப் பெருமானின் தலவிருட்சத்தை நாம் விறகுக்கும் உதவாத மரம் என்கிறோம்.

சரி, காடு போன்ற ஒரு நந்தவனத்தை எப்படி உண்டாக்குவது? பூசைக்கு இலையும் பூவும், வீட்டுக்குக் கறியும் பழமும் தருகிற ஒரு வனத்தை மனிதன் அமைக்க முடியுமா? முடியும். ஆனால் அது படிக்கவேண்டிய படிப்பு. அதன் முதற் பாடம் ஆடி மாதத்தில் நமது வாசலிலேயே நடக்கிறது.

கதிர்காம யாத்திரை செல்வோரே, செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வரும் அடியார்கள் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமியை வணங்கி, பொத்துவில் கடந்து உகந்தைக்குப் போகிறார்கள். நம்மவர்களும் சேர்ந்து நடக்கிறோம். அது கச்சான் காற்று கொளுத்தும் காலம். நமது வளவில் வாழை கருகி நிற்கும், கிணறு அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள் கால் வைத்தால் பாலை பச்சையாய் நிற்கிறது, வீரை பச்சையாய் நிற்கிறது, பாலைப்பழம் பழுத்துச் சொரிகிறது. அங்கே யார் தண்ணீர் இறைத்தார்? யார் உரம் போட்டார்? முருகா முருகா என்று அண்ணாந்து நடக்கும் நாம் ஒருதரம் குனிந்து காலடியைப் பார்த்தால் விடை தெரியும். கணுக்கால் புதையச் சருகு. அதைக் கையால் விலக்கினால் அடியில் ஈரம். வெயில் மண்ணைத் தொடவே இல்லை. பெருமரம் வெயிலை வாங்க, சிறுமரம் மிச்சத்தை வாங்க, செடியும் கொடியும் எஞ்சியதை வாங்குகின்றன.

இந்த ஆடுக்கைப் பார்த்து எழுதிக்கொண்டு, அதேபோல் தோட்டம் அமைப்பதை நமது நாட்டிலேயே ஒருவர் முறையான கல்வியாக்கினார். கலாநிதி ரணில் சேனாநாயக்க என்ற சூழலியலாளர். ஊவாவில் மிரஹவத்தைப் பக்கம் பெலிபொல என்ற இடத்தில், 1980களின் தொடக்கத்தில், தேய்ந்துபோன மலைச்சரிவில் அவரும் தோழர்களும் வேலையைத் தொடங்கினார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. அந்த முறைக்கு ஆங்கிலத்தில் 'அனலொக் பொரெஸ்ட்ரி' என்று பெயர். நாம் ஒப்புமைக் காடு என்று சொல்லலாம். இலத்தீன் அமெரிக்க நாட்டு விவசாயிகளும் அதைக் கற்றுச் செய்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் முறையில் மரம் நடுவது கடைசி வேலை. முதலில் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காட்டுக்குப் போகவேண்டும். எந்த உயரத்தில் எத்தனை அடர்த்தியாய் மரம், இலை உதிர்ப்பது எது, உதிர்க்காதது எது, கொடி உண்டா, தரையில் என்ன என்று பார்த்துக் குறியீடுகளால் எழுதவேண்டும். பிறகு நமது நிலத்தையும் அதேபோல் எழுதவேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்ன இல்லை என்பது தெரியும். அந்த இல்லாத இடத்தில் அதே உயரமும் அதே குணமும் உள்ள பயன்தரும் மரத்தை வைக்கவேண்டும். காட்டில் கொடி ஏறும் இடத்தில் நமக்கு வெற்றிலையோ இராசவள்ளியோ ஏறலாம். காட்டில் நாவல் நிற்கும் உயரத்தில் நாவலே நிற்கட்டும், அல்லது மாவோ பலாவோ நிற்கட்டும். இங்கிலாந்தில் ரொபேட் ஹார்ட் என்ற பெரியவர் (2000ஆம் ஆண்டு மறைந்தார்) ஒரு சிறிய காணியில் இதையே ஏழு அடுக்காக வகுத்துச் செய்தார். பெருமரம், சிறுமரம், புதர், பூண்டு, நிலம்படரி, கொடி, கிழங்கு. நமது பத்திரப் பட்டியலில் கிழங்கு ஒன்றுதான் குறை. அதைப் பெருமான் நமது சட்டிக்கு விட்டுவைத்திருக்கிறார் போலும்.

மற்றொன்றும் கேளுங்கள். புதுச்சேரிக்கு அருகே ஓரோவில் என்ற குடியிருப்பு 1968இல் தொடங்கப்பட்டபோது அந்த இடம் மரமற்ற செம்மண் பொட்டல். மழை வந்தால் மண் கடலுக்குப் போகும். இன்று அங்கே காடு இருக்கிறது. அந்தக் கரைக்கே உரிய மரங்களின் விதை எங்கிருந்து கிடைத்தது? சுற்றுக் கிராமங்களில் வெட்டாமல் விட்டிருந்த கோயிற் காடுகளிலிருந்து. புத்துப்பட்டு ஐயனார் கோயிற் காடு அவ்வகைக் காடுகளில் பேர்பெற்றது. நம்மவர் பலர் அகதிகளாய் வாழ்ந்த முகாம் ஒன்றும் அவ்வூரில்தான். அங்கே நிற்பதும் நமது பாலை, நமது வீரை. கடல் பிரித்தாலும் காடு ஒன்று. வெட்டினால் ஐயனார் கோபிப்பார் என்ற பயபக்தி அந்த விதைகளைக் காத்துக் கொடுத்தது.

நமது நிலம் வேறு விதமானது. கடற்கரை மணல். 2004 டிசம்பர் 26ஆம் திகதியை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். மரம் நின்றிருந்தால் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள் என்று அடியேன் சொல்லமாட்டேன். அது பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் சொல்லும் பேச்சல்ல. ஆனால் யால கடற்கரையில் மணல்மேட்டை அகற்றிக் கட்டிய ஒரு விடுதி அன்று முற்றாக அழிந்தது என்று ஆய்வாளர் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த மேட்டைக் கட்டிக்காப்பது எது? இராவணன்மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பிறகு கரையோரங்களில் சவுக்கு நட்டார்கள். சவுக்கு காற்றைத் தடுக்கும், விறகும் தரும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் சருகு விழுந்த இடத்தில் வேறொன்று எளிதில் முளைக்காது. ஒரே மரத்தை வரிசையில் நிறுத்தினால் அது வேலி, வனமாகாது.

நமது கிணற்று நன்னீர் மணலுக்குள் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். சுனாமிக்குப் பின் கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தபோது இதுவும் நடந்தது. உப்பைக் கழுவித் தந்தவை அடுத்தடுத்து வந்த மாரி மழைகளே. ஆகவே மழைநீர் மணலுக்குள் இறங்கவேண்டும், வெயில் அதைத் திரும்ப எடுக்கவிடக் கூடாது. காடு செய்வதும் அதுதான்.

இங்கே அடியேனின் தோல்வியையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனியில் ஆர்வக்கோளாறில் இருபத்தொரு கன்றுகளை ஒரே நாளில் நட்டோம். படமும் எடுத்தோம். வெறும் மணலில் குழி, நிழல் இல்லை, சருகு இல்லை. ஆனி மாதத்தில் நின்றவை இரண்டு. அவற்றையும் ஆடு கடித்தது. பிள்ளையாரின் பெயரால் நட்டால் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம். 2021இல் நாட்டில் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, அந்த ஆண்டு முடியுமுன்னரே அதைக் கைவிட்டதையும் கண்டோம். 2022இல் சமையல் வாயுவுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றபோது, முருங்கையும் மரவள்ளியும் நின்ற வளவுகளே பசி தாங்கின. நிலத்தைப் பழக்காமல் ஆசையால் மட்டும் பச்சை வராது.

இம்முறை எப்படிச் செய்வது? குழியை முழங்கால் ஆழம் வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சை அடுக்குங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே குழையும் சாணமும். முதலில் விரைவில் வளர்வதை வையுங்கள். அகத்தி, முருங்கை, வாழை, பப்பாசி, கிளிரிசிடியாக் கதியால். ஓரிரு வருடத்தில் அவை நிழல் விரிக்கும். அந்த நிழலில் வில்வம், மாதுளை, விளா, நாவல். தரையில் பசளியும் வல்லாரையும். பாலையை இவற்றுக்கு நடுவே வையுங்கள். அது மிக மெல்ல வளரும் மரம். அதன் நிழலில் நாம் இருக்கப்போவதில்லை, பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒரு பாட்டி கேட்டார், "தம்பி, கோயில் வளவைக் கூட்டிச் சருகுக்கு நெருப்பு வைக்கிறது தொண்டுதானே? அப்பர் சுவாமிகள் உழவாரம் பிடிக்கவில்லையா?" நல்ல கேள்வி. அப்பரடிகள் அடியார் நடக்கும் திருவீதியில் புல்லைச் செதுக்கினார். அந்தத் தொண்டைக் குறைக்கவேண்டாம், அம்மா. கூட்டுங்கள். நெருப்பை மட்டும் வைக்காதீர்கள். கூட்டிய சருகு மரத்தின் சாப்பாடு. கொண்டுபோய் மரத்தடியில் போடுங்கள். அதுவும் பூசையே.

வெளிவீதி முழுவதற்கும் கல் பதிக்கவேண்டும் என்று சிலர் விரும்புவதும் அடியேனுக்குத் தெரியும். வயதானவர்கள் பிரதட்சணம் செய்யும் பாதைக்குப் பதியுங்கள். மழைச் சேறு இல்லாமல் இருக்கும். அதற்கு அப்பால் தென்மேற்கு மூலையில் வெறுமையாய்க் கிடக்கும் துண்டை விட்டுவிடுங்கள். கச்சான் அடிக்கும் பக்கம் அது. அங்கே ஒரு வனம் நின்றால் நண்பகலில் கோயிலுக்கு வருகிறவர்களின் கால் சுடாது. பத்திர பூசைக்கும் பொடியன்மார் சைக்கிள் எடுக்கத் தேவையிராது.

யானையைப் பற்றியும் ஒரு சொல். விளாம்பழத்தை விழுங்கி விதையைத் தூரத்தில் போட்டுக் காடு வளர்ப்பது யானை. ஆனால் தென்னங்கன்றை யானைக்குப் பறிகொடுத்த வீட்டாரிடம் இந்தத் தத்துவம் எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. அவர்களுடைய வேலிக்கு ஊர் கைகொடுக்கட்டும்.

பிள்ளையார் கதை படிக்கும் இருபத்தொரு நாளும் நமக்கு மாரிகாலம். காப்புக் கட்டும் நாளில் தொடங்கி, கதை படித்து முடிந்ததும் நாளுக்கு ஒரு மரமோ செடியோ கொடியோ அந்தத் தென்மேற்கு மூலையில் நடுவோம். விரதம் இருக்கிறவர் எவரோ அவரே அதற்குக் காவல். ஒரு வருடம் முழுவதும் ஆட்டிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் அவர் பார்க்கவேண்டும். ஐப்பசியிலேயே குழி வெட்டிப் பொச்சு தாழ்த்துவிட வேண்டும். பொச்சு உள்ளவர்கள் மடைப்பள்ளிக்குப் பின்னால் கொண்டுவந்து போடுங்கள். யாத்திரையின்போது குமண வனத்துக்குள் ஒரு விதைகூடப் பொறுக்காதீர்கள், அது சட்டப்படி காக்கப்படும் இடம். ஊரில் பாலைப்பழம் விற்க வரும்போது வாங்கித் தின்று, விதையைக் காயவிடாமல் அன்றைக்கே மண்பையில் ஊன்றுங்கள். விஷ்ணுகிராந்தியை அறியாத பிள்ளைகள் உற்சவம் முடிந்த மறுநாள் காலையில் கிணற்றடிக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன்.

திருச்சிற்றம்பலம்.