பன்றிக்கு வைத்தது

மேற்குத் தொடர்ச்சி மலையோர ஊர்களில் ஒரு யானை வாய் சிதைந்து செத்துக் கிடந்தால், பல நேரம் காதில் விழுகிற பதில் "பன்னிக்கு வச்சதுங்க" என்பதுதான். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் அது இத்தனை உறுத்துகிறது.

ஆனைகட்டி கோவை மாவட்டத்தின் ஓரம். சோதனைச்சாவடியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இரு பக்கமும் காட்டை ஒட்டியே விவசாயம். ஓர் இரவு காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் நிலக்கடலையோ மரவள்ளியோ தேறாது. அதற்காகச் சிலர் வெடிமருந்தை உருட்டிப் பழத்துக்குள்ளோ குடலுக்குள்ளோ பொதிந்து வைக்கிறார்கள். கறிக்காக வைப்பவர்களும் உண்டு. தமிழ்ப் பக்கம் அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர், மலையாளப் பக்கம் பன்னிப்படக்கம். கடித்தால் வெடிக்கும். பன்றி விழுந்துவிடும். யானை விழாது, நாக்கும் தாடையும் கிழிந்து, பசித்தும் தின்ன முடியாமல் நாள்கணக்கில் நடக்கும்.

அட்டப்பாடியைக் கடந்து மலையிறங்கினால் மண்ணார்க்காடு. அந்தப் பகுதியில்தான் 2020 மே 27 அன்று வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே ஒரு பிடியானை உயிரை விட்டது. கருவுற்றிருந்தது. வாய்ப்புண்ணால் ஏறத்தாழ இரண்டு வாரம் தீனியே எடுக்கவில்லை என்றது பிரேதப் பரிசோதனை. யாரோ வேண்டுமென்றே வெடி கொடுத்தார்கள் என்று நாடே கொதித்தது. பன்றிக்கு வைத்ததைத் தவறுதலாகத் தின்றிருக்கலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சொன்ன பிறகு கொதிப்பு அடங்கியது. எனக்கு அப்போதுதான் கூடியது.

கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தப்பாக எண்ணித் தந்தால் அது கைப்பிசகு, சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். யானைத் தடத்தில் வெடியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பவர் எதையும் மறக்கவில்லை. ராத்திரி அந்த வழியில் என்னென்ன வரும் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கணக்கில் சேர்க்கவில்லை. இதைக் கவனக்குறைவு என்று எழுதுவது அவருக்கு நாம் காட்டும் சலுகை.

அந்தச் சலுகை அவரோடு நிற்பதில்லை. 2022 ஆகஸ்டில் ஆனைகட்டி எல்லையோர ஓடையில் உடல் நலிந்த யானை ஒன்று வந்து நின்றது. எந்த மாநிலம் வைத்தியம் பார்ப்பது என்ற பேச்சு நடக்கும்போதே அது காட்டுக்குள் நகர்ந்துவிட்டது. அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு நிற்கவில்லை என்றே நம்புகிறேன். யானைக்கு அதனால் என்ன பயன்?

மேய்ச்சலுக்குப் போன மாடுகளும் அவுட்டுக்காயைக் கடித்திருக்கின்றன. வைத்தது யார் என்று ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். அவர்கள் வாய் திறக்க வேண்டும். பன்றி அழித்த வயலுக்கு இழப்பீடு கேட்ட மனு மாதக்கணக்கில் மேசையில் கிடந்தால், அந்த விவசாயியை வெடி விற்பவனிடம் அனுப்பியதில் அந்த மேசைக்கும் பங்கு உண்டு. வழக்கு எழுதும்போது அதையும் கேட்டு எழுதட்டும்.