வட்டியில் வரும் பழி

தீங்கினைத் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் குற்றமே என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் அறம். தீங்கு நிகழும் நாட்டை ஒருபோதும் காணாத ஒருவர், அங்கிருந்து வரும் இலாபத்தை மட்டும் பெறுவாராயின், அவர் இம்மூவருள் எவர்?

இவ்வினா ஏட்டளவில் நில்லாது நகர மக்கள் முன் வந்து நின்றதுண்டு. தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் நிறவெறி அரசின் கொள்கையாயிற்று. கறுப்பின மக்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை இல்லை. விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமையும் இல்லை. அந்நாட்டில் தொழில் நடத்திய நிறுவனங்களில் அமெரிக்க நகரங்களின் பொதுப்பணமும், ஆசிரியர் முதலானோரின் ஓய்வூதிய நிதியும் முதலீடு செய்யப்பட்டிருந்தன. கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலி நகரத்தார் 1979-இல் வாக்களித்து, நகரப் பணத்தை அவ்வழியிலிருந்து விலக்கத் தீர்மானித்தனர். 1986-இல் அம்மாநிலமே ஓய்வூதிய நிதிகளை விலக்கச் சட்டம் இயற்றியது. அதற்கு உட்பட்ட தொகை ஆயிரம் கோடி டாலருக்கும் மேற்பட்டது.

எழுந்த மறுப்புகள் எளியவை அல்ல. நாம் விற்கும் பங்கை வேறொருவர் வாங்குவார். அரசுக்கு என்ன இழப்பு என்றனர் சிலர். தொழில்கள் மூடப்பட்டால் முதலில் பசிப்பவர் அந்நாட்டு ஏழைத் தொழிலாளரே என்றனர் வேறு சிலர். முதியோரின் உணவாகிய ஓய்வூதியத்தை வைத்து அறச் சோதனை செய்யலாமா என்றும் கேட்டனர். ஓய்வூதியத்தில் வாழும் நமக்கு இக்கடைசிக் கேள்வியின் கனம் தெரியும்.

ஆயினும், பிறர் வாங்குவர் என்பதற்காகக் களவுப் பொருளை நாம் வாங்குதல் தகுமோ? பயனும் இல்லாமற் போகவில்லை. 1985-இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி தென்னாப்பிரிக்காவின் குறுங்காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. பிற வங்கிகளும் பின்பற்றவே, அவ்வரசு நெருக்கடியில் வீழ்ந்தது. தொழிலாளர் துன்பத்தைப் பொறுத்தவரை, துன்புறுவோர் சொல்லே அளவுகோல். அவர்தம் தலைவர் ஆல்பர்ட் லுதுலியே 1959-இல் புறக்கணிப்பை வேண்டினார். பின்னர்ப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் வேண்டினார். ஓய்வூதிய நிதியோ, விலக்கப்பட்டதனால் அழிவதில்லை, வேறிடத்தில் முதலீடாகிறது. வருவாய் சிறிது குறையலாம். அக்குறைவைத் தாங்குதலே உடன்படாமைக்கு நாம் தரும் விலை.

இவ்விலக்கம் பகையாக நீடிக்கவுமில்லை. சீர்திருத்தம் உறுதியானதும், 1993 செப்டம்பரில் நெல்சன் மண்டேலாவே ஐக்கிய நாடுகள் சபையில் பொருளாதாரத் தடைகளை நீக்குமாறு வேண்டினார். 1994-இல் அனைவரும் வாக்களித்தனர். தீமை நீங்கியதும் கை நீட்ட இயலுமாறு விலகி நிற்பதே அறம்.

நம் சேமிப்பு வட்டி ஈட்டுகிறது என்பதோடு அமையாது, எங்கே, எவருடைய உழைப்பில் ஈட்டுகிறது எனவும் கேட்டறிதல் நம் கடன்.