அடைக்காமல் காக்கும் மரை

பழைய மொறிஸ் மைனர் நிற்கும் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. வாசல் சிமெந்தில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். வாசல் சரிவென்றால் வட்டம் நீண்டு வழிந்திருக்கும். மாத்தளையின் அலுவிகாரைப் பக்கம் சரிவுக்கா பஞ்சம்?

1948இல் பிறந்து 1971இல் நின்றுபோன கார் அது. 1960களிலும் 70களிலும் இலங்கையில் வாகன இறக்குமதி இறுகியதால், இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அப்படி வளர்ந்த கைத்திறன், பின்னாளில் மைனரின் பாகங்களை இங்கேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் அளவுக்குப் போனது.

ஆனாலும் அந்தக் கறுப்பு வட்டம் போகவில்லை. எஞ்சினை முழுதாக இறக்கி, கிராங்கைச் சாணை பிடித்து, பேரிங் மாற்றி ஏற்றியபின்னும் கிளச் ஹவுசிங்கின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டும். கிளச் பிளேட்டில் எண்ணெய் ஏறினால் ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், கார் நகராது. உடனே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பின் மெயின் சீல் போய்விட்டது."

வேடிக்கை என்னவென்றால், அந்த எஞ்சினில் பின் மெயின் சீலே கிடையாது. பழைய அமெரிக்க எஞ்சின்களில் கிராங்கை இறுகச் சுற்றிய கயிற்று சீல் இருந்தது. இன்றைய கார்களில் ரப்பர் உதடு தண்டைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினிலோ கிராங்கின் பின்முனையில் ஒரு மரை மட்டும் வெட்டியிருக்கும். அதைச் சுற்றியுள்ள உலோகம் அதைத் தொடாது; அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி. தண்டு சுழலும்போது வெளியேற வரும் எண்ணெயை மரை உள்ளே திருப்பி அனுப்பும். அடைப்பதில்லை, திருப்புகிறது. அதனால் எஞ்சின் ஓடும்வரைதான் எண்ணெய்க்குக் காவல். நின்றால் சொட்டும்.

செய்தவர்களுக்கும் இது தெரியும். கிளச் ஹவுசிங்கின் அடியில் ஓர் ஓட்டை போட்டு, அது அடைபடாமலிருக்க ஒரு கொட்டர் பின்னைத் தளர்வாக ஆடவிட்டிருக்கிறார்கள். தன் குறையை ஒளிக்காமல் அதற்கு வழியும் விட்ட அந்தப் பொறியியலில் எனக்கு மரியாதை உண்டு.

சொட்டு அருவியானால் பிழை பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்குகிறது; பிரீதர் குழாய் அடைபட்டிருக்கிறது; உள்ளே அமுக்கம் ஏறி, எண்ணெயை இருப்பதிலேயே இளகிய வழியால் தள்ளுகிறது. பின் பேரிங் தேய்ந்திருந்தால் தண்டு இறங்கி இடைவெளியும் கெடும். கசியும் இடம் ஒன்று, கெட்ட இடம் இன்னொன்று. வீட்டில் கத்துகிறவரின் கோபமும் இப்படித்தான், பிறந்த இடம் வேறு.

அலுவிகாரைக் குகைகளுக்குள் நிற்கும்போது இந்த மரை நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், பௌத்த மறையான திரிபிடகம் முதன்முதல் ஓலையில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. அதுவரை அது வாய்வழியே வந்தது. சுத்தங்கள் எனப்படும் புத்தரின் பேருரைகளில் நெடியவற்றை ஓத ஒரு குழு, நடுத்தரமானவற்றை ஓத இன்னொரு குழு. ஓதல் சுழன்றுகொண்டிருந்தவரை எதுவும் சிந்தவில்லை. பஞ்சமும் போரும் வந்து ஓதுவோர் மடிந்தபோது சுழற்சி தளர்ந்தது. அதிலுள்ள மகாநித்தேசம் என்ற நூலை மனப்பாடமாக அறிந்தவராக ஒரேயொரு துறவிதான் மிஞ்சினார் என்கின்றன உரைகள். அந்த அச்சத்தில்தான் எழுத்தாணியை எடுத்தார்கள்.

ஓலை நிரந்தரமான அடைப்பா? அதுவும் இல்லை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையின் ஏட்டு நூலகம் அழிந்தது. திரும்பவும் எழுத வேண்டியதாயிற்று. இன்றும் அங்கே ஓலையில் கீறி, கரியும் எண்ணெயும் பூசித் துடைத்து எழுத்தைத் தெரியவைத்துக் காட்டுகிறார்கள். பூட்டி வைத்ததால் பிழைத்ததென்று எதுவும் இல்லை. யாரோ திரும்பத் திரும்பச் செய்ததால் பிழைத்தவைதான் நம்மிடம் இருப்பவை. மொழி, சமையல், பட்டறைத் தொழில் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.

மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புது சீல் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது எஞ்சினை இறக்க வந்தால், முதலில் பிரீதரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், பிறகு கொம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள். காரை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். அந்தக் கொட்டர் பின்னை மட்டும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.