மறுக்கத் தெரியாத துணை

ஆளுயரத்தில், சிலிக்கோனால், பாலுறவுக்கென்றே வார்க்கப்பட்ட பெண்ணுருப் பொம்மைகளைத் தென்கொரிய வியாபாரி ஒருவர் இறக்குமதி செய்ய முயன்றார். சுங்க இலாகா தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019-ஆம் ஆண்டில் வியாபாரிக்குச் சாதகமாக முடிந்தது. தனி மனிதனின் அந்தரங்கத்தில் அரசாங்கம் இயன்றவரை தலையிடலாகாது என்பது தீர்ப்பின் போக்கு.

குடும்பத்தார் படிக்கும் ஏட்டில் இதை எழுதலாமா என்று சிலர் தயங்குவர். மார்க்கம் கற்பதற்கு அன்ஸாரிப் பெண்கள் வெட்கத்தைத் தடையாக்கவில்லை என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். அது போதும்.

பிறர் அந்தரங்கத்தைத் துருவக் கூடாது என்பது நமக்கும் உடன்பாடே. திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் அதைத் தடுக்கிறது. ஆனால், அரசு தண்டிக்காதது எல்லாம் தீங்கற்றதாகிவிடுமா?

தனிமையில் வாடுவோருக்கு இது மருந்து என்கிறார்கள் விற்பவர்கள். இத்தகைய இயந்திர உருக்களைப் பற்றி ஆராய்ந்த இங்கிலாந்து மருத்துவர் இருவர், உடல்நலத்துக்கு நன்மை என்ற வாதத்துக்குச் சான்று இல்லை என்று 2018-இல் எழுதினர். பொம்மை வைத்திருப்பவனெல்லாம் பெண்களைத் துன்புறுத்துவான் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. எதிர்க்க வேண்டும் என்பதற்காக அதை நாம் சொல்லக் கூடாது.

அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்கு ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் சென்றபோது, வீட்டு அம்மையார் அலங்காரமின்றிப் பழந்துணியில் இருந்தார்கள். காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு உலகத்தில் நாட்டமில்லை என்று பதில் வந்தது. கணவரோ பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் அவர்களோ அவரை உண்ண வைத்து, உறங்க வைத்து, இறைவனுக்கு உள்ளது போல் உடலுக்கும் மனைவிக்கும் உம்மீது ஹக்கு உண்டு என்றார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைச் சரி கண்டார்கள்.

வணக்கத்தாலும் தள்ள முடியாத அந்த ஹக்கு பொம்மைக்கு ஏது? அதற்குக் காய்ச்சல் வராது, அலுப்பு வராது, தாய்வீட்டு நினைவு வராது. நீ செய்தது தவறு என்று அது ஒரு நாளும் முகம் திருப்பாது. இதற்குப் பழகியவனுக்கு உயிருள்ள பெண்ணின் மறுப்பு அவமானமாகத் தோன்றும். அவளுடைய ஊடல்கூடக் குற்றமாகிவிடும். விவாகத்தின் பாதி கல்வி அந்த ஊடலிலும் சமாதானத்திலும்தான் இருக்கிறது. இல்லறத்தால் நெஞ்சில் விளைவதாக இறைவன் சொல்லும் அன்பும் இரக்கமும், இரங்க வேண்டிய ஒருவர் எதிரே இருந்தால்தானே விளையும்?

மணவுறவுக்கு வெளியே இச்சையைத் தேடுவோரை எல்லை மீறியோர் என்கிறது முஃமினூன் அத்தியாயம். மணக்க வசதியற்ற வாலிபருக்கு நோன்பைக் காட்டினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

நம் வீடுகளில் இந்தப் பொம்மை நுழையாதிருக்கலாம், தனிமை நுழைந்திருக்கிறது. மனைவியை இழந்த ஐம்பது வயதுக்காரர் மறுமணம் என்று வாய் திறந்தால், பாகப்பிரிவினையை எண்ணிப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ஹலாலான வழியை அடைப்பவர்கள் அவர்கள். பேச்சுத் துணைக்கு ஏங்கும் அவரைப் பார்த்து, இந்த வயதிலா என்று ஜமாஅத்தும் சிரிக்கிறது.